கும்மிடிப்பூண்டியில் ஒரு ரெண்டுங்கெட்டான் தவளை

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். சந்தையில் நிறுத்துத் தந்த மீனை வீட்டுத் தராசில் இன்னொரு முறை நிறுத்துப் பார்க்காமல் சட்டியில் போடமாட்டேன். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடமாக விலங்கியல் படிப்பிக்கிறேன். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை ‘சி.ஐ.டி. மிஸ்’ என்பார்கள். அதை யார் தொடங்கிவைத்தது என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

ஆகவே, எஸ்தர் அனுப்பிய ஒலிப்பதிவுகள் அளவுக்கு மீறி நன்றாக இருந்தபோது எனக்கு நித்திரை போய்விட்டது.

எஸ்தர் சென்னையில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். வீடு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில். அவளுக்கு இரண்டு வழிகாட்டிகள். ஒருவர் அந்தக் கல்லூரியில் இருக்கிறார், மற்றவர் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நான். அவளுடைய ஆய்வு வயல் தவளைகளில் இரண்டு இனங்களைப் பற்றியது. இரண்டும் பெருவிரல் நீளம், ஒரே மண்நிறம், முதுகில் ஒரே மாதிரிக் கோடு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நானே தடுமாறுவேன். ஆனால் மழைநாளில் பொழுதுபட்டு ஆண்கள் கத்தத் தொடங்கினால் குழப்பமே இல்லை. ஒன்று தையல் மெஷின் மாதிரி விடாமல் அடிக்கும். மற்றது நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றாகத் தட்டும். எஸ்தர் அவற்றுக்கு ‘அவசரம்’, ‘நிதானம்’ என்று பெயர் வைத்திருந்தாள். லத்தீன் பெயர்களைவிட எனக்கும் அவைதான் பிடித்தன.

ஒரே வயல், ஒரே மழை, ஒரே சேறு. இருந்தும் இவை கலப்பதில்லை. அதில் ஆண் தவளையின் ஒழுக்கத்துக்கு எந்தப் பங்கும் கிடையாது. வேற்றினமோ, பிய்ந்த செருப்போ, அகப்பட்டதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். தெரிவு செய்வது பெண்தான். தன் இனத்தின் தாளம் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் போகும். காணிக்குக் காணி வேலி போட்டுப் பழகிய யாழ்ப்பாணத்தாருக்கு இது சட்டென்று விளங்கும். தவளைகளின் வேலி பெண்ணின் காதில் இருக்கிறது. அந்த வேலி பிரிந்தால்தான் கலப்பினம் பிறக்க வழியுண்டு. அதுவும் பெரும்பாலும் முட்டையிலேயே கெட்டுவிடும், தப்பி வளர்ந்தால் மலடாக நிற்கும்.

எஸ்தரோ, தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு குட்டையில், இரண்டுக்கும் சரியாக நடுவில் விழுகிற ஒரு கத்தலைப் பதிவு செய்திருந்தாள். ஒன்றிரண்டல்ல, மூன்று மழைக்காலத்துப் பதிவுகள். அந்தத் தவளைக்கு அவள் வைத்த பெயர் ‘ரெண்டுங்கெட்டான்’. கலப்பினம் என்று எழுதிவிட்டாள். மரபணுச் சோதனைக்கு அனுமதி வரவில்லை. கத்தல் ஒன்றுதான் சான்று. நானும் கையெழுத்துப் போட்டால் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும். போடாவிட்டால், ஏற்கெனவே நீட்டித்துக் கொடுத்த காலமும் கார்த்திகையோடு முடிந்து, ஐந்து வருட உழைப்பு வீட்டுப் பரணுக்குப் போகும்.

நிதானத்தின் பதிவு ஒன்றை எடுத்துக் கணினியில் கொஞ்சம் முடுக்கிவிட்டேன். அச்சாக ரெண்டுங்கெட்டானின் சத்தம் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யக்கூடிய வித்தை. நேரில் போய்ப் பார்ப்பதென்று அன்றே முடிவெடுத்தேன். சென்னையில் அண்ணன் மகளின் கல்யாணம் அதே கார்த்திகையில் வந்தது. அதோடு நான்கு நாளைச் சேர்த்துக்கொண்டேன்.

முதல் நாளே ரயில் என்னை ஏமாற்றியது. எஸ்தரின் விலாசத்தில் ‘திருவள்ளூர் மாவட்டம்’ என்று இருந்தது. நான் திருவள்ளூர் என்று எழுதியிருந்த ரயிலில் ஏறிவிட்டேன். பாதி வழியில், பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த பெண்ணிடம் கும்மிடிப்பூண்டி எப்போது வரும் என்று கேட்டேன்.

“இன்னாக்கா, இந்த வண்டில வந்து கும்மிடிப்பூண்டிய கேக்குற? அது வேற லைனு. நீ அந்தாண்ட போறதுக்கு இந்தாண்ட வந்துகினு இருக்க.”

ஏதோ உள்நோக்கத்தோடு என்னை இறக்கிவிடப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். மேலும் மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேரும் அதையே சொன்னார்கள். இருந்தாலும் திருவள்ளூர் வரை போய், நிலையத்தில் சீருடை போட்ட ஒருவர் வாயால் கேட்ட பிறகுதான் நம்பினேன். அதற்குள் பசி கண்ணைக் கட்டிவிட்டது.

“நாஷ்டா ஆச்சாமா?” என்று கேட்டபடியே ஓட்டல்காரர் இலையைப் போட்டுவிட்டார். இட்லிக்கு வடகறி என்று ஒன்று வந்தது. வடையைச் சுட்டுவிட்டு, பிறகு ஏன் அதைப் பிய்த்துக் குழம்பில் போடுகிறார்கள்? நேற்று மிஞ்சிய வடைதானே என்று விசாரித்தேன். அவர் முகம் சுருங்கியது. ருசி என்னவோ அபாரம். சொதியும் சம்பலுமாக வளர்ந்த நாக்கு, இரண்டாம் முறை கேட்டு வாங்கிற்று.

பிறகு இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. நான் வாயைத் திறந்ததும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “கேம்ப்புக்காமா?” என்றார். என்னைப்போலக் கதைக்கிறவர்கள் இந்த ஊரில் இறங்குகிற இடம் அது ஒன்றுதான் போலிருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. கடவுச்சீட்டும் கையுமாகக் கல்யாணத்துக்கு வந்தவள் நான். அகதி முகாமுக்கு வந்தவர்கள் எதைக் கையில் கொண்டு வந்திருப்பார்கள் என்று யோசித்தபடி, “இல்லை தம்பி, தவளை பார்க்க வந்தனான்” என்றேன். அதன் பிறகு அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

எஸ்தர் குடையும் ரப்பர் பூட்ஸுமாகக் காத்திருந்தாள். மெலிந்த பெண், பெரிய சிரிப்பு. “வர்றேன் வர்றேன்னு சொல்லிக்கினே இருந்தீங்க மேடம், நெஜமாவே வந்துட்டீங்க!” என்றாள். குட்டையை இன்றைக்கே பார்க்க வேணும் என்றேன். சிரிப்பு அணைந்துவிட்டது. “நாளைக்கு ஆரணி பக்கம் வயலுக்குப் போலாம் மேடம். குட்டைய அப்புறமா பாத்துக்கலாம்.” நான் அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் அதே மாவட்டத்து ஆரணிக்கு அவளுடைய ஸ்கூட்டரில் போனோம். பொன்னேரி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஸ்கூட்டர் இருமி நின்றது. மிச்ச தூரத்துக்கு இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு போனோம். இதுவும் குட்டைக்குப் போகவிடாமல் செய்கிற தந்திரமோ என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு அந்த நினைப்பை விட்டேன்.

வரப்பில் குந்தியிருந்தோம். பொழுது சாயச் சாய ஒரு பக்கம் அவசரம், மறுபக்கம் நிதானம், காது கொள்ளாத கச்சேரி. எஸ்தர் டார்ச்சின் மங்கல் வெளிச்சத்தில் ஒரு பெண் தவளையைக் காட்டினாள். அது மூன்று நிதானங்களைத் தாண்டிப் போயிற்று. மூன்றாவது எட்டிப் பிடிக்கப் பார்த்தது. உதறிவிட்டு, சேற்றில் தத்தித் தத்திப் போய், விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஓர் அவசரத்தின் முன்னால் நின்றது. இதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். இன்னும் அலுக்கவில்லை.

வயல்காரர் ஒருவர் கையில் மண்வெட்டியோடு வந்துவிட்டார். “தவளைய புடிச்சினு போய் இன்னா பண்ணுவீங்க?”

“புடிக்கலண்ணா, கேக்கறோம்” என்றாள் எஸ்தர்.

“கேக்கறதுக்கா? அந்தம்மா எந்த ஊரு?”

“சிலோன்.”

“தவளை கத்தறத கேக்க சிலோன்லேர்ந்து வந்தாங்களா!” அவர் ஒரு சொல்லையும் நம்பவில்லை. நாங்கள் புறப்படும்வரை தள்ளி நின்று எங்களைக் காவல் காத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மூன்றாம் நாள் இனித் தப்ப முடியாது என்று எஸ்தருக்கே தெரிந்துவிட்டது. குட்டை, இரும்பு உருக்குகிற ஓர் ஆலையின் பின்மதிலுக்கு வெளியே இருந்தது. அதற்குப் போகிற ஒரே வழி ஆலையின் பின்கேட். எஸ்தரின் அப்பா சாலமன் அங்கே கூலிங் செக்ஷனில் ஒப்பந்தத் தொழிலாளி. இருபது வருடமாக அதே வேலை. அவருடைய பெற்றோர் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவர்தான் கேட்டைத் திறந்துவிட்டார். என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்துவிட்டு, மகளை ஓரமாகக் கூப்பிட்டார். எனக்குக் காது நல்ல கூர்மை.

“யாருமா அது? மாசு ஆபீசு ஆளா?”

“எங்க மேடம்பா.”

“மேடம்னா ஏன் செவுத்தையே பாத்துக்கினு கீறாங்க?”

மதிலோரம் ஒரு தகரக் கொட்டகை. எஸ்தர் என்னை அங்கே உட்காரச் சொன்னாள். “ஒரே சேறு மேடம், வழுக்கும். நான் போய் பதிவு பண்ணிக்கினு வந்துடறேன்.” பையை என்னிடம் விட்டுவிட்டு, ஒலிவாங்கியை மட்டும் எடுத்துக்கொண்டு புதருக்குள் மறைந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து ரெண்டுங்கெட்டான் கத்தத் தொடங்கியது. கணினியில் கேட்டதே நேரிலும் கேட்டது. நான் பையைத் திறந்தேன். ஆம், திறந்தேன். எங்கேயோ ஒரு சின்ன ஒலிபெருக்கி இருக்கும் என்று நிச்சயமாக நம்பினேன். தலை துவட்ட ஒரு துவாய், பன் பாக்கெட், மாற்று பேட்டரி, எனக்காக ஒரு குடை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒலிபெருக்கியைக் குட்டையோரம் முன்பே ஒளித்து வைத்திருக்கலாம் அல்லவா? அவள் போன வழியே போனேன்.

நாலு அடி வைத்ததும் கரை வழுக்கியது. சறுக்கிக்கொண்டு போய் இடுப்பளவு தண்ணீரில் விழுந்தேன். கார்த்திகை மழைத் தண்ணீர், குளிரில் உயிர் போகப்போகிறது என்று பல்லைக் கடித்தேன். குளிரவே இல்லை. குளிக்க விளாவி வைத்த வெந்நீர் மாதிரி இதமாக இருந்தது. மதிலின் அடியில் ஒரு குழாய், அதிலிருந்து ஆவியோடு தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. என் கையெட்டும் தூரத்தில், ஒரு புல்லைப் பற்றிக்கொண்டு, தொண்டைப்பை உப்ப ஒரு தவளை கத்தியது. ரெண்டுங்கெட்டானேதான். உயிருள்ள, ஈரமான, நிஜமான தவளை.

எஸ்தர் ஓடிவந்து கையை நீட்டினாள். நான் பிடிக்கவில்லை. தண்ணீருக்குள் நின்றபடியே யோசித்துக்கொண்டிருந்தேன். தவளைக்குச் சொந்தமாக உடம்புச்சூடு கிடையாது. தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. சூடு ஏறினால் கத்தல் விரையும், இறங்கினால் தளரும். முதலாம் வருட மாணவனுக்கே இது தெரியும். கணினியில் நான் செய்த வித்தையை இந்தக் குழாய் செய்துகொண்டிருந்தது. இது கலப்பினமே இல்லை. வெந்நீரில் இருக்கிற நிதானம்!

“தண்ணி சுடுகுது, பிள்ளை. ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

அவள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அப்பாவோட சூப்பர்வைசர் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாரு மேடம். பொண்ணு வரட்டும், தவளைய பாக்கட்டும், தண்ணிய பத்தி ஒரு எழுத்து வெளிய வரக்கூடாது. வந்தா அப்பாவுக்கு வேல இல்ல.”

“அப்ப அட்டவணையில வெப்பநிலை எண்டு போட்டிருக்கிறியே, அது என்ன?”

“உங்க ஃபார்ம்ல வெப்பநிலைன்னு ஒரே ஒரு கட்டம்தான் மேடம் இருந்துச்சு. காத்தோடத போட்டேன். பொய் எழுதலியே, எழுதாமதானே வுட்டோம்னு நெனச்சிக்கினேன். சூட்டுல கொஞ்சம் வித்தியாசம் வரும்னு தெரியும். இவ்ளோ வரும்னு சத்தியமா தெரியாது.”

அந்தப் படிவத்தைத் தயாரித்து அனுப்பியது நான். யாழ்ப்பாணத்து வயல்களில் காற்றும் தண்ணீரும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கும். ஒரு கட்டம் போதும் என்று நினைத்தது என் அறிவு. ஊரையெல்லாம் சந்தேகிக்கிற நான், என் படிவத்தை ஒரு நாளும் சந்தேகிக்கவில்லை. எனக்கு என்மீதே கோபம் வந்தது.

ஈரச் சேலையோடு கொட்டகையில் இருந்தபோது இன்னொன்றும் புத்தியில் பட்டது. குட்டைக்கு அப்பால், வரப்பைத் தாண்டினால் குளிர்ந்த வயல். அங்கே மழையில் அவசரம் தளர்ந்து கத்துகிறது. இங்கே வெந்நீரில் நிதானம் விரைகிறது. இரண்டு தாளமும் ஒன்றையொன்று நெருங்கிவிட்டன. வயலிலிருந்து வருகிற அவசரத்தின் பெண், இந்தக் குட்டையைத் தன் இனத்தின் இடம் என்று நம்பி இறங்கலாம். கலப்பு நடந்துவிட்டது என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் வேலி எந்த இடத்தில் பிரிகிறது என்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. எஸ்தரிடம் சொன்னேன். அவள் கண் ஒரு நொடி விரிந்து, உடனே சுருங்கியது.

“அதுக்குத் தண்ணியோட சூட்ட எழுதணுமே மேடம்.”

எழுதத்தான் வேண்டும். அதுவும் இன்றைக்கு அளந்தால் மட்டும் போதாது. மூன்று மழைக்காலத்துப் பதிவுகளுக்கும் அந்தந்த மாலையின் சூடு வேண்டும். அதற்கு எங்கே போவது? எழுதினால் அப்பாவின் வேலை போகும், எழுதாவிட்டால் என் கையெழுத்து இல்லை. ஆலையின் பெயரை மறைக்கலாம் என்றேன். அந்த ஊரில் ஆவி பறக்கிற குட்டை அது ஒன்றுதான் என்றாள்.

நான்காம் நாள், புறப்படுமுன் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். எஸ்தரின் அம்மா பழவேற்காட்டு நண்டைக் குழம்பு வைத்திருந்தார். எங்கள் ஊர் நண்டுதான் உலகத்திலேயே பெரியது என்று சொல்லித் திரிந்தவள், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. சாலமன் முந்தின இரவே மகளிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் பாலித்தீன் உறை. உள்ளே நான்கைந்து சின்ன டைரிகள்.

“மேடம், மணிக்கொரு தபா வெளிய போற தண்ணி எத்தினி டிகிரின்னு பாத்து ரிஜிஸ்டர்ல எழுதறதுதான் என் வேல. ரிஜிஸ்டர் அவுங்களுது. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா மாத்தி எழுதிட்டு எந்தலைல கட்டிடுவாங்க. அதான் எனக்குன்னு தனியா எழுதி வெச்சிக்கினேன்.”

என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணியை அன்றுதான் சந்தித்தேன். இருந்தும் வழக்கத்தை விட முடியுமா? டைரிகளைப் புரட்டினேன். நீல மை, கறுப்பு மை, இடையில் பென்சில், ஆயில் விரல் அடையாளம், ஒரு பக்கத்தில் தேநீர்க் கறை. ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியது அல்ல. குழாயின் சூட்டையும் குட்டையின் சூட்டையும் சில நாள் சேர்த்து அளந்தால், பழைய மாலைகளின் கணக்கைப் பிடித்துவிடலாம். ஒவ்வொரு மாலையும் அதில் இருந்தது.

“இத குடுத்தா வேல போயிடும்யா” என்றார் எஸ்தரின் அம்மா.

“போனா போவட்டும். எம்பொண்ணு பொய் எழுதிக்கீறாளான்னு பாக்க கடல் தாண்டி ஆள் வந்துக்கீது. அத்த வுடவா வேல பெரிசு?”

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை. நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன். பையைத் திறந்து பார்த்தது உட்பட எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. “மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்று ஒரு சொல்தான் வந்தது.

சாலமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் டைரியை மடியில் வைத்தார். “மொத பதிவு எந்த தேதிமா?”

எஸ்தர் தன் குறிப்பேட்டைப் பார்த்துத் தேதியைச் சொன்னாள். அவர் விரலால் வரி வரியாகத் தேடினார். “சாயங்காலம் ஆறு மணி. நாப்பது. ஏழு மணிக்கு நாப்பத்தொண்ணு. எழுதிக்கோ. கீழ எம்பேர போடு. கூலிங் செக்ஷன் சாலமன். யாரு அளந்ததுன்னு கேப்பாங்க இல்ல?”

எஸ்தர் பேனாவைத் திறந்தாள். எழுத முடியவில்லை, கண்ணீர் தாளில் சொட்டிக்கொண்டே இருந்தது. பேனாவையும் குறிப்பேட்டையும் நான் வாங்கிக்கொண்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எதையும் இரண்டாம் முறை கேட்கவில்லை.